பேட்டரி வருகிறது, எந்தக் கொதிகலன் அணையும்?

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எர்ணாவூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் 500 மெகாவாட் திறனும் 1,000 மெகாவாட்-மணி (ஒரு மெகாவாட்-மணி என்பது ஆயிரம் யூனிட்) கொள்ளளவும் கொண்ட பேட்டரி நிலையங்களுக்கு டெண்டர் கோரியது. உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது நீரேற்று முறை; நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டத்தின் வேலை நடக்கிறது. நீரேற்று மின் நிலையங்களுக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை மாநில அரசு 2024இல் வெளியிட்டது. இப்படிச் சேமித்த மின்சாரத்தை என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் மின்வாரியம் வாங்கலாம் என்பது உங்கள் உத்தரவைப் பொறுத்தது. அந்த உத்தரவுகளில் ஒரு வரி கூடுதலாக இடம்பெற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். சேமிப்பு நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு எந்த அனல் மின் அலகு (ஒரு கொதிகலனும் அதோடு இணைந்த சுழலியும்) ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் குறைவாக எரியும் என்பதே அந்த வரி.

நான் வடசென்னையில், எண்ணூருக்குப் பக்கத்தில் உள்ள எர்ணாவூரில் குடியிருப்பவன். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மின்னியல் கற்பிப்பது என் தொழில். மின் சேமிப்பு ஆய்வுகளைப் பல ஆண்டுகளாக ஆசையோடு படித்து வருகிறேன். அந்த ஆசைக்குக் காரணம் பாடப்புத்தகம் மட்டுமல்ல. எங்கள் மொட்டை மாடிகளில் காயும் துணியை மடிக்கும் முன் ஒருமுறை உதற வேண்டும். உதறினால் விழுவது சாதாரணத் தூசு இல்லை. விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் மாவுபோல் வழுக்கும், சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அதன் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் பகுதியின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் 450 மெகாவாட். 1990களின் நடுவில் வந்த வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630. இரண்டாம் நிலை 1,200. வல்லூரில் மத்திய, மாநில நிறுவனங்கள் கூட்டாக நடத்துவது 1,500. 2024 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட மூன்றாம் நிலை 800. மூடியதைக் கழித்தாலும் நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல், ஒரு கழிமுகத்தைச் சுற்றியே நிற்கிறது. ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி இங்கே காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஒழுகி, கொசஸ்தலையாற்றின் படுகையும் அலையாத்தி நிலமும் சாம்பல் மேடானதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விரிவாக விசாரித்து 2022இல் தீர்ப்பும் சொன்னது. செப்பாக்கத்து மக்கள் சாம்பல் குட்டைக்குப் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் வலை வீசுகிறவர்களுக்கு ஆற்றின் ஆழம் போய்விட்டது. கழுத்தளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்த இடங்களில் இன்று முழங்காலுக்குக் கீழே சேறு இருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நாளைக்கே எல்லாக் கொதிகலன்களையும் அணையுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தச் சுமையைத் தாங்கியதில் எங்கள் ஊர்க் கொதிகலன்களுக்கும் பங்கு உண்டு. மின்னியல் கற்பிப்பவன் அதை மறுத்துப் பேச முடியாது. ஆனால் அதே மின்னியல் இன்னொன்றையும் சொல்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

தமிழ்நாட்டில் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் தலா பத்தாயிரம் மெகாவாட் திறனைத் தாண்டிவிட்டன. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல் மின் அலகுகளைத் தணிக்கச் சொல்கிறார்கள். தணிக்கலாம், அணைக்க முடியாது. ஒரு கொதிகலனை முழுவதும் அணைத்துவிட்டால் மறுபடி சூடேற்றி முழுச்சுமைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும், எண்ணெய்ச் செலவும் ஆகும். மாலை ஆறரைக்குச் சூரியன் சாய்ந்து வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்கும் நேரத்தில் அந்த அலகு தயாராக நிற்க வேண்டும். ஆகவே நண்பகலில் அதன் மின்சாரம் அவ்வளவாகத் தேவைப்படாவிட்டாலும் பாதிச் சுமையில் அது எரிந்துகொண்டேயிருக்கிறது. பாதிச் சுமையில் எரியும் கொதிகலன் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதல் நிலக்கரி தின்னும். நிலக்கரி அலகுகளை 55 விழுக்காடு வரை தணிக்கக்கூடியவையாக மாற்ற வேண்டும், பிறகு 40 வரை கொண்டுவர வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதிமுறை வகுத்தது இந்த நெருக்கடியால்தான். காற்று நன்றாக வீசும் ஜூன், ஜூலை மாதங்களிலோ ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைச் சில வேளை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அங்கே இலவசமாக வரும் காற்றை வேண்டாம் என்கிறோம். இங்கே நிலக்கரி எரிகிறது.

மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையிலான நான்கு மணி நேரத்தைச் சேமித்த மின்சாரம் ஏற்றுக்கொண்டால் இந்த முடிச்சு அவிழும். பழைய 210 மெகாவாட் அலகு ஒன்று நான்கு மணி நேரம் கொடுப்பது 840 மெகாவாட்-மணி. டெண்டரில் கேட்ட ஆயிரம் மெகாவாட்-மணி அதைவிடப் பெரியது. மாலைக்காக மட்டுமே நாள் முழுவதும் எரிந்துகொண்டிருக்கும் ஓர் அலகைக் காற்றுக் காலத்தில் வாரக் கணக்கில் அணைத்து வைக்க இதனால் வழி பிறக்கும். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் ஆகும். அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். 210 மெகாவாட் அலகு ஒரு நாள் முழுச்சுமையில் ஓடினால் சுமார் 3,500 டன் நிலக்கரி எரியும், ஆயிரம் டன்னுக்கு மேல் சாம்பல் விழும். ஒரே ஓர் அலகு, ஒரே ஒரு நாள். இந்தக் கணக்கை என் மாணவர்களிடம் போடச் சொன்னால் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, தவறாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் தட்டுகிறார்கள்.

ஆனால் பேட்டரி வந்தாலே கொதிகலன் தானாக அணைந்துவிடும் என்று நம்ப முடியாது. பழைய அனல் அலகுகளை 2030 வரை மூட வேண்டாம் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் மின் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. தேவையும் ஏறிக்கொண்டே போகிறது. யாரும் கேட்காவிட்டால் பேட்டரி ஒரு பக்கம் சேரும், சாம்பல் ஒரு பக்கம் சேரும். அதனால்தான் மூடச் சொல்லாமல், குறைவாக எரியும் மணி நேரத்தை உத்தரவில் எழுதச் சொல்கிறேன். அலகு தயார் நிலையில் இருக்கட்டும்; தேவை இல்லாத நாளில் புகையாமல் இருக்கட்டும்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதற்கும் உங்கள் உத்தரவுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், அந்தத் தொடர்பு நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறது என்பேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எழுந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். தென் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபோடு சேர்ந்து பேட்டரிக்கான இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். அந்தத் தடத்தில்தான் 1997இல் குட்இனஃபின் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற பேட்டரி வேதிப்பொருளை அறிவித்தது. இன்று மின் நிலையங்களுக்கு வரும் பேட்டரிகளில் பெரும்பாலானவை அந்த வகை. 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியவரும் மந்திரம்தான். இப்படிப் பலர் பல நாடுகளில் உழைத்ததன் பலனாக, 2010இல் ஒரு கிலோவாட்-மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த லித்தியம் பேட்டரித் தொகுப்பின் விலை 2024இல் 115 டாலருக்கு இறங்கியது.

விலை இறங்கியதும் திட்டமிடுகிறவர்களின் கணினிக் கணக்கு மாறியது. 2029–30இல் நாட்டுக்கு 27,000 மெகாவாட் பேட்டரி வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2020 ஆய்வு மதிப்பிட்டது. மூன்றே ஆண்டுகளில் வந்த தேசிய மின்சாரத் திட்டம், 2031–32க்கு 47,000 மெகாவாட்டுக்கு மேல் பேட்டரியும் அதோடு 26,000 மெகாவாட்டுக்கு மேல் நீரேற்று நிலையங்களும் வேண்டும் என்றது. இடையில் 2022 ஜூலையில், மின் விநியோக நிறுவனங்கள் தங்கள் நுகர்வில் ஒரு பங்கைச் சேமிப்பின் வழியாகப் பெற வேண்டும் என்ற கட்டாயம் வந்தது: 2023–24இல் 1 விழுக்காடு, 2029–30இல் 4. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 4,000 மெகாவாட்-மணி பேட்டரிக்கு மூலதனச் செலவில் 40 விழுக்காடு வரை மானியம் தர ஒப்புக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு வேதிப்பொருள் அமைச்சரவைத் தீர்மானமாக மாறியது இந்த வழியில்தான்.

என் மனக்குறையும் இந்த வழியில்தான் பிறக்கிறது. இந்த ஆய்வுகளெல்லாம் மிகக் குறைந்த செலவில் தேவையை நிறைவேற்றும் கலவை எது என்று தேடுகின்றன. நிலக்கரி விலை, பேட்டரி விலை, வட்டி, மணிக்கு மணி மின் தேவை எல்லாம் உள்ளே போகின்றன. செப்பாக்கம் உள்ளே போவதில்லை. இறால் போன ஆறு உள்ளே போவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் இருமலோடு மருத்துவமனை வரிசையில் நிற்கும் குழந்தையின் செலவு எந்தக் கட்டத்திலும் வராது. ஆகவே தூத்துக்குடியில் எரிந்தாலும் எண்ணூரில் எரிந்தாலும் நிலக்கரி ஒன்றுதான் என்று கணக்கு முடிவு கட்டிவிடுகிறது. கணக்கு போடுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களிடம் யாரும் இந்த எண்ணைக் கேட்கவில்லை. கேட்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் முகப்பிலேயே, திறன்மிக்கதும் சுற்றுச்சூழலுக்கு இதமானதுமான கொள்கைகளை வளர்ப்பது அந்தச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்று எழுதியிருக்கிறது. அதே சட்டத்தின் 86ஆம் பிரிவு, மின்சாரக் கொள்முதலை ஒழுங்குபடுத்தும் பொறுப்பையும் மாநில அரசுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பையும் உங்களுக்குத் தருகிறது.

இப்படிக் கேட்டு வென்ற ஊர் ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆக்ஸ்நார்டு. எங்களைப் போலவே கடலோரம். கடற்கரையிலேயே மின் நிலையங்கள். பண்ணைகளில் கூலிக்கு உழைக்கும் மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த ஊர். அங்கே கடற்கரையில் 262 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றை மறுபடியும் கட்ட வந்தார்கள். ஊரும் நகராட்சியும் எதிர்த்தன. எதிர்ப்போடு நின்றுவிடாமல், மாற்று வழி இருக்கிறதா என்று ஆய்வு செய்யுங்கள் என்றும் கேட்டார்கள். மாநிலத்தின் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பு 2017இல் அந்த ஆய்வைச் செய்தது. பேட்டரியையும் சேர்த்துக்கொண்டால் எரிவாயு நிலையம் இல்லாமலே சமாளிக்கலாம் என்று ஆய்வு சொன்னது. ஆனால் செலவு கூடும் என்றும் சொன்னது. அந்தச் செலவைப் பழைய பேட்டரி விலையில் போட்டிருக்கிறீர்கள் என்று ஊர்ப்பக்கம் நின்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் உரிமம் தரும் ஆணையத்தின் குழு, திட்டத்தை நிராகரிக்கப் பரிந்துரைக்கப்போவதாக அறிவித்தது. 2021இல் ஆக்ஸ்நார்டில் 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி பேட்டரி நிலையம் ஓடத் தொடங்கியது. ஊர் எழுப்பிய கேள்வியை ஒழுங்குமுறை அமைப்பு காதில் வாங்கியதால் ஆய்வு பிறந்தது. ஆய்வால் ஒரு கடற்கரை பிழைத்தது. நம் கேள்வியை யார் கேட்பார்கள் என்று ஆணையத்தைப் பார்த்துத்தான் நாங்கள் நிற்கிறோம்.

இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு மின்விளக்கு தந்த பேசின் பிரிட்ஜில் இன்றும் மின்வாரியத்தின் வாயுச் சுழலி நிலையம் இருக்கிறது, 120 மெகாவாட். கம்பிப் பாதையும் துணை மின் நிலையமும் பக்கத்திலேயே உள்ளன. மூடிய எண்ணூர் அனல் மின் நிலையத்தின் நிலமும் இருக்கிறது. தில்லியில் கிலோகரி துணை மின் நிலையத்தில் 20 மெகாவாட், 40 மெகாவாட்-மணி பேட்டரி 2025 முதல் ஓடுகிறது. அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தந்து வந்த திட்டம் அது. நகரத்தின் நடுவே, வீடுகளுக்கு அருகே அவர்களால் முடிந்திருக்கிறது.

அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பசுமை என்ற பெயரில் இன்னோர் ஆபத்தை எங்கள் தலையில் கட்டுவதை நாங்கள் ஏற்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எங்கள் வலைகளையும் படகுகளையும் வீட்டுச் சுவர்களையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா பரவி மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபத்து என்றால் என்ன, சைரன் அடிக்காத இரவு எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

2025 ஜனவரி 16 அன்று கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பெரிய பேட்டரி நிலையம் ஒன்று தீப்பிடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பேட்டரிகள் பழைய மின் நிலையத்தின் சுழலிக் கூடத்துக்குள்ளேயே நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. அவை நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் கொண்ட வகை. பக்கத்துக் கழிமுகச் சதுப்பு நிலத்தின் மண்ணில் அந்த உலோகங்கள் படிந்திருந்ததை ஆய்வாளர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். இதைப் படித்தபோது எண்ணூர்க் கழிமுகம்தான் என் கண்முன் வந்தது. எனவே பழைய மின் நிலையக் கட்டடத்துக்குள் பேட்டரி அடுக்கும் யோசனை வேண்டாம். திறந்தவெளியில், ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்ட பெட்டிகளில், இரும்பு பாஸ்பேட் வகை மட்டும் வரட்டும். தீயணைப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் வழிந்துவிடாமல் தேக்கும் தொட்டி கட்டாயம் வேண்டும். தென்கொரியாவில் 2017 முதல் இருபதுக்கும் மேற்பட்ட பேட்டரி நிலையங்கள் அடுத்தடுத்து எரிந்தன; 2019 ஜூனில் அந்நாட்டு அரசின் விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் ஈரக்கசிவும் தூசும் இருந்தன. எங்கள் காற்றில் கடல் உப்பும் உண்டு, சாம்பல் தூசும் உண்டு. கோயம்புத்தூருக்கு எழுதிய தொழில்நுட்ப விவரக்குறிப்பை அப்படியே எண்ணூருக்குக் கொண்டுவர முடியாது. பெட்டிக்குள் காற்று எப்படி வடிகட்டப்படும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

பேட்டரியின் முடிவைப் பற்றியும் பேச வேண்டும். 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் குடியேறியது. கொள்கையில் விழுந்த ஓட்டையை மக்கள் தங்கள் சொந்தக் காசில் அடைத்துக்கொண்டார்கள். அந்த ஈய-அமில பேட்டரிகள் மூன்று நான்கு ஆண்டுகளில் செத்தபோது எங்கே போயின என்று பார்த்தவர்கள் வடசென்னைக்காரர்கள். இங்கே குறுகலான சந்துகளில் பழைய பேட்டரியை எடைபோட்டு வாங்குவார்கள். மேல்மூடியைச் சம்மட்டியால் உடைப்பார்கள். அமிலத்தைக் கவிழ்க்கும்போது சிமென்ட் தரை நுரைத்துப் பொரியும். அது சாக்கடைக்குப் போய்விடும். தகடுகளை உருவி ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியல். கையுறை கிடையாது. பள்ளிக்கூடச் சீருடையோடு பிள்ளைகள் அந்தக் குவியலைத் தாண்டித்தான் நடப்பார்கள். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் சுமத்தும் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இல் வந்தன. லித்தியம் பேட்டரியும் அதில் அடங்கும். விதி இருப்பது போதாது. பெரிய சேமிப்பு நிலையத்தின் பேட்டரிகள் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளில் கழிக்கப்படும்போது அவை எங்கே போகும், யார் செலவில் போகும் என்று இன்றைக்கே எழுதி, அதற்கான வைப்புத்தொகையையும் கட்டணத்திலேயே ஒதுக்கி வையுங்கள். கொடுங்கையூர்க் குப்பை மேட்டின் அருகில் வாழ்கிறவர்களிடம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள்.

சேமிப்பு என்றாலே எல்லோரும் லித்தியத்தையே நினைக்கிறார்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒருமுறை விடியலுக்கு முன் வந்து பாருங்கள். ஐஸ் கட்டிகள் தகர அச்சிலிருந்து சறுக்கி விழும் சத்தமும், அவற்றை நொறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும், கூடையில் அள்ளிப் படகின் அடிக்கிடங்கில் கொட்டும் வேகமும் துறைமுகம் முழுக்க இருக்கும். அந்த ஒவ்வொரு கட்டியும் மின்சாரம்தான். உப்புநீர்த் தொட்டிக்குள் அச்சுகளை இறக்கி, தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்வித்து, கட்டியாக உறைய வைக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வெப்பம் புகாமல் நன்றாகக் காப்பு செய்த தொட்டி அந்தக் குளிரைச் சில மணி நேரம் தாங்கும். அதாவது, நண்பகலில் சூரிய மின்சாரம் மலிந்திருக்கும்போது குளிர்விக்கும் அழுத்தியை (கம்ப்ரசரை) முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, மாலை உச்ச நேரத்தில் நிறுத்தி வைக்கலாம். இதற்கு லித்தியம் வேண்டாம், புது நிலம் வேண்டாம். கட்டண அட்டவணையில் ஒரு மாற்றம் போதும். உயரழுத்த மின் இணைப்பு பெற்ற தொழிற்சாலைகளுக்குக் காலை, மாலை உச்ச நேரங்களில் 25 விழுக்காடு கூடுதல் கட்டணமும், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை 5 விழுக்காடு தள்ளுபடியும் தரும் முறை நம்மிடம் உண்டு. இரவில் தள்ளுபடி என்பது நிலக்கரிக் காலத்துப் பழக்கம். கொதிகலனை அணைக்க முடியாததால் யாராவது அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று வைத்தது. மத்திய அரசின் 2023 நுகர்வோர் உரிமை விதித் திருத்தம், சூரிய நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பகல் சலுகையை ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் முதலில் தந்து பாருங்கள். சென்னை ஐஐடியோ அண்ணா பல்கலைக்கழகமோ காசிமேட்டில் ஓராண்டு அளந்து அறிக்கை தரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் தேவை விழுந்துவிடும். மின் தேவை உச்சத்தைத் தொடும் மே மாதமும் அதற்குள் வந்துவிடும். அதனால் இதன் பலன் மே மாதத்தில் குறைவாகவும் மற்ற மாதங்களில் கூடுதலாகவும் இருக்கும். அதையும் அளந்து தெரிந்துகொள்ளலாம்.

வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஜூன் இறுதியில் 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவற்றில் ஏறி நிற்கும்போது புகை வாடை இல்லாததை எல்லோரும் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள், எனக்கும் மகிழ்ச்சிதான். இரவில் சார்ஜ் ஏற்றும்போது அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு அத்திப்பட்டுப் பக்கம் எரியும் நிலக்கரி. மவுண்ட் ரோட்டில் இல்லாத புகை எங்கள் மொட்டை மாடிக்கு வந்து சேராமலிருக்க, சேமிப்பு நிலையமும் பேருந்தும் ஒரே திட்டத்தில் யோசிக்கப்பட வேண்டும்.

மின்வாரியத்தின் கடனைச் சொல்லி இதையெல்லாம் ஒத்திப்போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கடன் பொய்யில்லை. சேமிப்பிலும் இழப்பு உண்டு. பேட்டரியில் நூறு யூனிட் ஏற்றினால் திரும்பக் கிடைப்பது எண்பத்தைந்து அளவில்தான். ஆனால் மாலை உச்ச நேரத்தில் மின்சந்தையில் வாரியம் வாங்கும் மின்சாரம் எவ்வளவு விலை ஏறுகிறது என்பது உங்கள் முன்னால் வரும் ஆவணங்களிலேயே இருக்கிறது. அந்த விலையையும், நிறுத்தி வைத்த காற்றாலையின் இழப்பையும், பாதிச் சுமையில் வீணாகும் நிலக்கரியையும், சாம்பல் அகற்றும் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவச் செலவை எப்படி மதிப்பிடுவது என்று தயங்கினால், எண்ணூரையும் திருவொற்றியூரையும் மணலியையும் வைத்து அதற்கென்று ஓர் ஆய்வுக்கு ஆணையிடுங்கள். ஆய்வுக்கூடத்தாரும் மருத்துவர்களும் பொருளியலாளரும் சேர்ந்து செய்யட்டும்.

வேலை பற்றி ஒரு சொல். அனல் மின் நிலையங்களில் ஒப்பந்தத் தொழிலாளராக எங்கள் பிள்ளைகளே வேலை செய்கிறார்கள். பேட்டரி நிலையத்துக்கு அவ்வளவு ஆட்கள் தேவைப்படாது. அதனால் ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள், பராமரிப்பு வேலைக்கு வடசென்னை ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்தவர்களை எடுத்துப் பயிற்சி தர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலரின் அப்பாக்கள் சாம்பல் குழாய் பழுதுபார்க்கிறவர்கள்.

கடைசியாக, இந்தத் திட்டங்கள் பற்றிய பொது விசாரணை. கட்டணம் குறித்து உங்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு வந்து பேச எங்கள் ஊரில் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் கூட்டம் காலையில். அப்போது மீன் விற்கும் பெண்கள் தெருவில் இருப்பார்கள், ஆண்கள் கரையேறி வலை சரிசெய்துகொண்டிருப்பார்கள். மனுவின் விவரம் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் கிடக்கும். சேமிப்பு நிலையங்களுக்கான விசாரணையில் ஒன்றையாவது திருவொற்றியூரில் அல்லது எண்ணூரில் மாலை நாலு மணிக்கு நடத்துங்கள். மனுவின் சுருக்கத்தை, மெகாவாட்டும் மணி நேரமும் எந்த அலகு என்பதும் சேர்த்து, பத்துப் பக்கத்துக்குள் தமிழில் பதினைந்து நாள் முன்னதாக வார்டு அலுவலகங்களிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும் வையுங்கள். அதைப் படித்து விளக்கிச் சொல்ல என் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு குப்பத்துக்கும் நான் போகிறேன். விசாரணை நாளில் காட்டுக்குப்பத்துக்காரர்களும் செப்பாக்கத்துக்காரர்களும் எழுந்து நின்று எந்த அலகு, எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். பதிலை உத்தரவில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
எர்ணாவூர் மின்னியல் ஆசிரியர் ஒருவர்